முதல்நூலும் வழிநூலும்: யூத மறையும் ஆதிக் கிறித்தவ ஆசிரியரும்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்தல் தமிழிலக்கண மரபு. முன்னோன் நூலின் முடிவை முற்றும் ஏற்றுத் தான் வேண்டிய வேறுபாடுகளையும் உடன்கூறிச் செல்வது வழிநூல். ஒருபுடை ஒத்து ஒருபுடை வேறுபடுவது சார்புநூல். இவ்வாறு பவணந்தி முனிவர் நன்னூலிற் பாகுபாடு செய்தார். இப்பாகுபாடு நூல் செய்வாரை நோக்கி எழுந்ததாயினும், சமயங்களின் வரலாற்றை ஆராய்வார்க்கும் நல்லதொரு கருவியாகும். ஒரு சமயத்தார் தமக்கு முற்பட்ட மற்றொரு சமயத்தாரின் மறையைத் தம் மறையாகக் கொள்ளுமிடத்து, அவர் செய்வது வழிநூல் யாத்தலா? சார்புநூல் யாத்தலா? அன்றி, முதல்நூலை அதற்குரியார் கையினின்றும் வாங்கிக்கொள்ளுதலா?

உலக வரலாற்றில் இவ்வினா மிகப் பெரிதாய் எழுந்த இடம், கிறித்தவ ஆசிரியர் முதல் நான்கு நூற்றாண்டுகளில் யூத மறையை ஆண்ட முறையாகும். அது நமக்கு எட்டாத தூரத்து வழக்கன்று. மட்டக்களப்புக்கு வில்லியம் ஓல்ற் பாதிரியார் 1814இல் வந்து பள்ளிக்கூடம் நிறுவிய காலந்தொட்டு, அவ்வாசிரியர் வகுத்த உரைநெறியும் இங்கு வந்து சேர்ந்தது. வாகரை, பனிச்சங்கேணி தொடங்கித் தெற்கே வாவிக்கரை நெடுகவும் கோயிலும் தேவாலயமும் அயலயலாக நிற்கும் நாட்டில், ஒருவர் மறையை மற்றவர் எவ்வாறு படித்தல் தகும் என்பது ஏட்டுக் கேள்வி மட்டும் அன்று.

அவ்வழக்கு தமிழிலே வெளிப்பட்டது 1854இல். ஆறுமுக நாவலர் அவ்வாண்டிற் சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார். நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். ஆதலின் அந்நூலை அவர் கேள்வியால் அறிந்தாரல்லர்; சொற்சொல்லாக ஆராய்ந்து அறிந்தார். சைவரின் ஆலயம், பூசை, திருவிழா, தீபம், தூபம் ஆகியவற்றைப் பாதிரிமார் பழித்தபோது, அவர்தம் மறையிலேயே இவற்றுக்கு ஒப்பான கிரியைகள் கடவுளாற் கட்டளையிடப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டி விடையிறுத்தார். அவருக்கிருந்த பைபிட் பயிற்சியைக் கண்டு மிஷனைச் சார்ந்தோரே வியந்தனர்.

நாவலர் சுட்டிய பகுதிகள் யூத மறையின் முதல் ஐந்து நூல்களில் நிறைந்துள்ளன. கூடாரத் திருத்தலத்தின் அளவுகள், அணையாது எரிய வேண்டிய விளக்கு, நறும்புகைப் பீடம், அபிடேகத் தைலம், சந்நிதியில் வைக்கும் பன்னிரண்டு அப்பங்கள், குருக்களின் ஆடை, தீட்டும் அதன் கழுவாயும், சிவந்த கிடாரியை எரித்த சாம்பலை நீரிற் கலந்து தெளிக்கும் தூய்மைச் சடங்கு ஆகியன எல்லாம் அங்கே விரித்துரைக்கப்பட்டுள்ளன. புரொட்டெசுத்தாந்தர் இவ்வைந்து நூல்களுக்குச் சூட்டிய தமிழ்ப் பெயர்கள் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்பன. முழுநூலுக்கு அவர் இட்ட பெயரோ வேதாகமம். சைவரின் இருவகை மறைப்பெயர்களும் ஒரு சொல்லாய் இணைந்து மற்றொரு சமயத்தாரின் நூலுக்கு ஆகிவந்தமை நோக்கற்பாலது. பெயரை எடுத்தாண்டோர் அப்பெயர்ப் பொருத்தத்தை எவ்வளவு எண்ணினர் என்பது ஒருபுறமிருக்க, லேவியராகமத்தைப் படிக்கும் சைவர் எவருக்கும் கிரியாபாதம் நினைவுக்கு வருதல் இயல்பே.

பாதிரிமார் இதற்குக் கூறும் விடை ஒன்றுண்டு. அக்கிரியைகள் யாவும் வரவிருந்த கிறித்துவின் முன்னடையாளங்கள். பொருள் வந்தபின் நிழல் ஒழிந்தது என்பதே அது. அவ்வாறாயின், அக்கட்டளைகள் நிழலே என்று அவற்றைக் கூறும் நூல் யாண்டுக் கூறிற்று? பலவற்றை அது நித்திய கட்டளை என்றன்றோ விதிக்கின்றது? இவ்விரு கூற்றுக்கும் இடையிலேதான் வழக்கின் முடிச்சு உள்ளது. முடிச்சை அவிழ்க்க வேண்டின், நிழல் என்னும் உரைநெறி பிறந்த இடத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

முதற்கண் மனங்கொள்ள வேண்டுவது ஒன்று. இயேசுவும் அவர்தம் முதல் மாணாக்கரும் யூதர். அவர்களுக்கு மறை என்றால் யூத மறையே. புதிய ஏற்பாடு என ஒரு நூல் அன்று இருந்ததில்லை. மறைமொழிக்குத் தம் காலத்து நிகழ்ச்சியைப் பொருளாகக் கொள்ளும் வழக்கமும் அவர்கள் புதிதாகக் கண்டதன்று. 1947 தொடக்கம் சாக்கடற் கரையிலுள்ள கும்ரான் குகைகளிற் கிடைத்த சுருள்களில், ஆபகூக்கு என்னும் தீர்க்கதரிசியின் நூலுக்கு எழுதப்பட்ட உரையொன்று உளது. அவ்வுரை, தீர்க்கதரிசி பாடியதெல்லாம் தம் குழுவினரையும் தம் பகைவரையும் குறித்ததென்றே பொருள் விரிக்கின்றது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பைலோ என்னும் யூத அறிஞர், மோசேயின் கதைகளை உயிரின் பயணமாக உருவகித்து உரை கண்டார். ஆகவே, ஆதிக் கிறித்தவர் யூத நூலுக்கு யூத முறையிலேயே உரை கூறினர். தொடக்கத்தில் அது ஒரே வீட்டார்க்குள் நிகழ்ந்த சொல்லாடல்.

மத்தேயுவின் சுவிசேடம் இதற்குச் சான்று. குழந்தை இயேசுவோடு பெற்றோர் எகிப்துக்குச் சென்று மீண்டதைக் கூறுமிடத்து, ஓசியா தீர்க்கதரிசியின் சொல் நிறைவேறிற்று என மத்தேயு எழுதுகின்றார். ஓசியாவோ எகிப்தினின்றும் அழைக்கப்பட்ட மகன் எனக் குறித்தது இசுரவேல் மக்களை. அது வருவதுரைத்தலன்று, நடந்ததை நினைத்தல். மத்தேயு இதனை அறியாதவரல்லர். மக்கட் குலத்தின் வரலாறு ஒரு மகனின் வாழ்வில் மீண்டும் நிகழ்ந்தது என்பதே அவர் கருத்து. இஃது உள்ளுறை காண்பார் நெறி. முதற்பொருளை அழியாது வைத்து, அதன்மேல் இரண்டாம் பொருளை ஏற்றுவது; வழிநூலின் இலக்கணத்துக்குப் பெரும்பாலும் அடங்குவது.

ஆயினும் இடர் அங்கேயே முளைத்தது. ஏசாயாவின் ஏழாம் அதிகாரத்தில் ஓர் இளம்பெண் மகனைப் பெறுவாள் என வருகின்றது. எபிரேய மூலத்திலுள்ள அல்மா என்னும் சொல் இளம்பெண் என்னும் பொருட்டு. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் யூதரே செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு அதனைப் பார்த்தெனோசு எனப் பெயர்த்தது. அச்சொல் கன்னி எனப் பொருள்படும். மத்தேயு மேற்கொண்டது கிரேக்கத்தை. சொல் ஒன்று மொழி மாறியபோது பொருளும் ஒரு பக்கம் சாய்ந்தது. அச்சாய்விலே ஒரு பெருங்கொள்கை தங்கியது. மூலத்தை ஓதுவோரும் மொழிபெயர்ப்பை ஓதுவோரும் வேறு வேறு சமூகத்தாராகப் பிரிந்தபின், ஒருவர் மற்றவரைத் திரித்தவர் எனப் பழிப்பதற்கு இது வாயிலாயிற்று.

பவுல் எழுதிய நிருபங்களில் இருவேறு போக்குகள் காணப்படுகின்றன. கலாத்தியருக்கு எழுதியதில் ஆகார், சாராள் என்னும் இருபெண்டிரின் கதையை இரண்டு உடன்படிக்கைகளின் உருவகமாக்கி, அடிமையின் பக்கத்தை அக்காலத்து எருசலேமுக்கு உரியதாக்கினார். இது கடுமையான உரை. ரோமருக்கு எழுதியதில் அவரே வேறொரு உவமை கூறினார். ஒலிவ மரம் ஒன்று. அதில் ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளைகளே யூதரல்லாத விசுவாசிகள். கிளை வேரைத் தாங்குவதில்லை, வேரே கிளையைத் தாங்குகின்றது. ஆதலால் ஒட்டுக்கிளை பழைய கிளைகளை நோக்கிப் பெருமை பாராட்டலாகாது என்று எச்சரித்தார். முதல்நூலுக்கும் வழிநூலுக்கும் உள்ள உறவை இதனினும் நேரிதாக உணர்த்திய உவமை கிறித்தவ இலக்கியத்தில் அரிது. பின்வந்த ஆசிரியரை அளத்தற்கு வெளியிலிருந்து ஓர் அளவுகோல் தேட வேண்டுவதில்லை. அவர்தம் முதல் ஆசிரியரே அதனைத் தந்து சென்றார்.

நிழல் என்னும் சொல் சிறப்பாக எழுவது எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில். திருத்தலமும் பலியும் குருத்துவமும் விண்ணிலுள்ள மெய்ப்பொருளின் நிழல்கள் என்று அது வாதிக்கின்றது. அவ்வாதத்தின் பெருமை, லேவியர் கிரியைகளை இழித்துரையாது, அவற்றை நுணுகி ஆராய்ந்து பொருள் காண்பது. அதன் குறை, பொருள் கண்டவுடன் கிரியையைப் பழையதென ஒதுக்குவது. யாழ்ப்பாணத்துப் பாதிரிமாரின் விடைக்கு ஊற்று இந்நிருபமே. அவர்கள் லேவியராகமத்தை இந்நிருபத்தின் வழியாகப் படித்தனர். நாவலர் லேவியராகமத்தை லேவியராகமமாகவே படித்தார். இருவரும் ஒரே ஏட்டைத் திறந்து வேறு வேறு நூலைக் கண்டமைக்குக் காரணம் இதுவே.

இரண்டாம் நூற்றாண்டில் எழுதினோர் யூதரல்லாதார் கூட்டத்தினின்றும் எழுந்தோர். பர்னபாவின் பெயரால் வழங்கும் நிருபம், யூதர் தம் மறையை என்றுமே உணர்ந்திலர் என்கின்றது. மோசே கற்பலகைகளை உடைத்தபோதே அவர்தம் உடன்படிக்கையும் உடைந்தது. உணவு விதிகள் விலங்குகளைப் பற்றியன அல்ல, ஒழுக்கங்களைப் பற்றியன என்பது அதன் துணிபு. ஆபிரகாமின் வீட்டு ஆட்கள் 318 பேர் என ஆதியாகமம் கூற, அவ்வெண்ணைக் கிரேக்க எழுத்துக்களால் எழுதினால் இயேசுவின் பெயரின் முதலிரண்டு எழுத்துக்களும் சிலுவை வடிவான எழுத்தும் வரும் என இந்நிருபகாரர் மகிழ்கின்றார். எபிரேயரின் கதைக்குக் கிரேக்க நெடுங்கணக்கிலிருந்து மறைபொருள் காணும் இவ்வுரையை, நம் நாட்டுச் சில உரையாசிரியர் சொற்களைப் பிரித்துப் பிரித்துத் தாம் விரும்பிய பொருள் காணும் விளையாட்டோடு ஒப்பிடலாம். விளையாட்டாக இருப்பின் குற்றமில்லை. நூலுக்குரியார் நூலறியாதார் என்னும் தீர்ப்பு அதனோடு சேரும்போது அது விளையாட்டாகாது.

யுஸ்தின் என்னும் ஆசிரியர், திரிபோ என்னும் யூதரோடு தாம் நிகழ்த்திய உரையாடலாக ஒரு நூல் செய்தார், காலம் கி.பி. 160 அளவு. திரிபோவின் வாயிலாக யூதர் கட்சியும் ஓரளவு கேட்கப்படுதல் அந்நூலின் சிறப்பு. ஏசாயாவின் சொல் இளம்பெண்ணையே குறிக்கும் என்றும், அது எசேக்கியா அரசனைப் பற்றியது என்றும் திரிபோ எடுத்துரைக்கின்றார். முடிவில் இருவரும் வாழ்த்திப் பிரிகின்றனர். எனினும் அதே நூலில் யுஸ்தின், அம்மறை இனி யூதருடையதன்று, எம்முடையதே என்கின்றார். யூதர் சில பகுதிகளை நீக்கிவிட்டனர் என்றும் குற்றஞ்சாட்டுகின்றார். ஆண்டவர் மரத்திலிருந்து அரசாண்டார் என்னும் பொருளுடைய தொடர் ஒன்று சங்கீதத்தினின்றும் நீக்கப்பட்டதென்பது அவர் கூறும் சான்றுகளுள் ஒன்று. மரம் என்னும் அச்சொல் எபிரேய மூலத்தில் இல்லை. கிரேக்கப் பிரதிகளின் பொது வழக்கிலும் இல்லை. அது கிறித்தவர் கையிற் புகுந்த இடைச்செருகல் என்பதே அறிஞர் துணிபு. நீக்கினார் எனப் பழிசுமத்தப்பட்டோர் நீக்கினாரல்லர். பழிசுமத்தியவர் கையிலிருந்த ஏடே கூடியிருந்தது. ஏடுகளை ஒப்புநோக்காது பாடபேதத்தை ஒழுக்கக்கேடாகக் கருதுவார்க்கு இஃது என்றும் பாடமாக நிற்கத்தக்கது.

சார்தீசு நகரத்து மெலித்தோ பாஸ்காத் திருநாளைப் பற்றி இயற்றிய பிரசங்கத்தில் நிழற் கொள்கை தன் எல்லையைத் தொட்டது. சிற்பி முதலில் மெழுகாலோ மண்ணாலோ மாதிரி செய்கின்றான். சிற்பம் முடிந்தபின் மாதிரி பயனற்றதாகி அழிக்கப்படுகின்றது. யூத மக்களும் அவ்வாறே என்பது அவர் உவமை. அப்பிரசங்கம் கடவுளைக் கொன்ற பழியை ஒரு மக்கட் குலத்தின்மேற் சுமத்துவதாக வளர்கின்றது. பவுலின் ஒலிவ மரத்தையும் மெலித்தோவின் மண் மாதிரியையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு, நூறாண்டளவில் நேர்ந்த மாற்றம் விளங்கும். மரத்தில் வேர் இன்றும் உயிரோடுள்ளது. மாதிரியோ வேலை முடிந்தபின் வேண்டப்படாதது. மெலித்தோவின் நடை அழகியது. அவ்வழகே நஞ்சைப் பல தலைமுறைக்குச் சுமந்து சென்றது.

மறுபுறத்தில் நின்றவர் சினோப்பே நகரத்து மார்க்கியோன். யூத மறையின் கடவுள் வேறு, இயேசு வெளிப்படுத்திய கடவுள் வேறு என அவர் துணிந்தார். யூத மறையை முற்றும் தள்ளி, ஒரு சுவிசேடத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் திருத்தி வைத்துக்கொண்டார். ரோமாபுரிச் சபை அவரை கி.பி. 144இல் விலக்கியது, பின்னர்த் தெர்த்துல்லியன் ஐந்து புத்தகங்களால் அவரை மறுத்தார். மார்க்கியோன் பழைய நூலை உள்ளபடியே படித்தவர். உருவகம் கூறி அதன் கடுமையை மழுப்ப அவர் உடன்படவில்லை. ஆனால் உள்ளபடி படித்தவர் அதனை உதறிவிட்டார். உதறாது காத்தவர்கள் அதனை உள்ளபடி படித்திலர். அக்காலக் கிறித்தவத்துக்கு நேர்ந்த பெரும் இக்கட்டு இது. சபை நூலைக் காத்தது நன்று. அக்காப்புக்குக் கொடுத்த விலையை, சபையன்று, யூதரே செலுத்தினர்.

மூன்றாம் நெறி ஒன்றும் இருந்தது. அது கேட்டறியும் நெறி. மூன்றாம் நூற்றாண்டிற் செசாரியாவில் வாழ்ந்த ஒரிகன், எபிரேய மூலம், அதன் கிரேக்க எழுத்துப் பெயர்ப்பு, நான்கு கிரேக்க மொழிபெயர்ப்புக்கள் ஆகியவற்றை ஆறு பத்திகளாக எழுதுவித்து, மிகைக்கும் குறைக்கும் குறியிட்டார். யூத அறிஞரை வினவிப் பொருள் தெளிந்ததாகவும் அவர் எழுதியுள்ளார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் பெத்லகேமில் தங்கி, இரவில் வந்த யூத ஆசிரியரிடம் பாடங் கேட்டு, எபிரேயத்தினின்றும் நேரே இலத்தீனில் மொழிபெயர்த்தார். எதிர்ப்பு எழுந்தது. யோனாவின் கதையில் வரும் சுரைக்கொடியை ஜெரோம் வேறொரு படர்கொடியாகப் பெயர்த்தமையால், ஆப்பிரிக்காவில் ஓயா என்னும் ஊர்த் தேவாலயத்திற் பெருங்குழப்பம் விளைந்தது என்றும், ஊர் யூதரிடம் சென்று கேட்க நேர்ந்தது என்றும் அகுஸ்தீன் அவருக்கு எழுதினார். கொடியின் பெயருக்கெனக் கூட்டம் கலைந்ததை நகைத்தல் எளிது. ஐயம் வந்தபோது எவரிடம் கேட்க வேண்டும் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஒரிகனும் ஜெரோமும் யூதரைப் பற்றிக் கடுஞ்சொல் கூறாதவரல்லர். ஆயினும் அவர்கள் புலமை, தம் பகைமையினும் ஒருபடி மேலே நின்றது.

இந்நெறிகளுள் நாட்டை ஆண்டது கேட்டறியும் நெறியன்று. பேரரசு கிறித்தவமானபின், வாதச் சொற்கள் ஆட்சிச் சொற்களாயின. அந்தியோக்கியாவிற் பொன்வாய் அருளப்பர் 386ஆம் ஆண்டிற் செய்யத் தொடங்கிய பிரசங்கங்கள் யூதர்மேற் பகை வளர்த்தன. பின்னைய நூற்றாண்டுகள் அப்பகையைச் செயலாக்கின. கத்தோலிக்க திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கை, யூதரைக் கடவுளாற் சபிக்கப்பட்டோராகக் காட்டலாகாது எனத் தெளிவுறுத்தியது. அவ்வறிக்கை துணைக்கொண்டது பவுலின் ஒலிவ மர உவமையை. வேரை நினைவூட்டிய சொல் மீண்டும் மேலெழுவதற்கு ஆயிரத்தொன்பது நூறு ஆண்டுகள் சென்றன.

இனி நாவலருடைய வாதத்துக்கு மீளலாம். நேர்ப்பொருளைக் கொண்டு நிழற்பொருளை அவர் வினாவியது முறையே. பிறர் கொள்கையை மேற்கொண்டு அதனாலேயே அவரைக் களைதல் நன்னூலார் கூறும் மதங்களுள் ஒன்று. அதனை அவர் திறம்படக் கையாண்டார். ஆயினும் திறனாய்வாளர் ஒன்றைக் கூறாது விடலாகாது. யாழ்ப்பாணத்து வழக்கில் வாதியும் பிரதிவாதியும் இருந்தனர், ஏட்டுக்குரியார் இருந்திலர். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் எரிந்தபின் யூதர் பலியிட்டாரல்லர். வழிபாட்டையும் மறையோதலையும் அதன் இடத்தில் வைத்தனர், கி.பி. 200 அளவிற் தொகுக்கப்பட்ட மிசுனா என்னும் நூலில், நிகழாத பலிகளின் விதிகளையும் விரிவாக ஆராய்ந்து காத்தனர். லேவியராகமம் அவர்களுக்கு ஒழிந்த நிழலுமன்று. நாடோறும் நிகழும் பூசையுமன்று. இம்மூன்றாம் உரை அவ்வழக்கில் ஒலிக்கவில்லை. அவ்வுரையை உடையோர் கடல் கடந்த தேசத்தார் மட்டும் அல்லர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதப்பள்ளி இருந்தது. யோசேப்பு இரப்பான் என்பவருக்குச் சேர நாட்டு மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஆயிரம் ஆண்டளவுக்கு முன் அளித்த வட்டெழுத்துச் செப்பேடும் அவர்களிடம் இருந்தது. சைவத்தைக் காக்க எழுந்த கண்டன நூல் அவர்களைத் தேடிச் செல்லவில்லை என்பது குற்றமாகாது. கண்டன நூலின் எல்லை அது. இன்றைய ஆராய்ச்சியாளர்க்கு அவ்வெல்லை இல்லை.

அளவுகோல் பிறர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. வேதம் பொது, ஆகமம் சிறப்பு எனச் சைவர் கொள்ளும்போது, முன்னைய மறையைப் பின்னைய மறைக்குப் படியாக்கும் செயலே அங்கும் நிகழ்கின்றது. இரண்டும் இறைவன் நூலே எனத் திருமூலர் வழிநின்றோர் உறுதி கூறினமையால், அங்கு முதல்நூல் இழிக்கப்படவில்லை. அதுவே அந்நெறியின் தகுதி. மறுதலையாக, ஜி. யு. போப் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, வள்ளுவர் மயிலாப்பூரிற் கிறித்தவ போதகரிடம் கேட்டறிந்திருக்கலாம் எனக் கருதினார். குறளின்மேல் அவர்க்கிருந்த அன்பை எவரும் ஐயுறார். ஆயினும் தமிழர் அக்கருத்தைக் கேட்டு மனம் வருந்தினர். தம் நூலின் பொருள் தமக்கு வெளியிலிருந்து வந்ததெனக் கேட்பார் எய்தும் அவ்வருத்தத்தை உணர்ந்தவர், திரிபோவின் நிலையையும் உணர்வர்.

தமிழ்ப் புலமை இவ்விடத்து வழிகாட்டும் செயல் ஒன்றை உடையது. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, சைவச் சார்பிற் பயின்ற தமக்குச் சைனக் கருத்துக்கள் விளங்காமை கண்டார். தம் சமயத்துப் பொருளை அதன்மேல் ஏற்ற முயன்றாரல்லர். கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குச் சென்று, அந்நூலைப் பாராயணம் செய்து வந்தோரிடம் கேட்டுத் தெளிந்தார். 1887இற் பதிப்பு வெளிவந்தது. அப்பதிப்பால் ஐயர் சைனராகவும் இல்லை. சிந்தாமணி சைவ நூலாகவும் இல்லை. தமிழுலகம் ஒரு காவியத்தைப் பெற்றது. முன்னோர் நூலை ஏற்பார் அதற்குப் புதுப்பொருள் காணலாம். கிளை தழைப்பது அவ்வாறே. பழைய பொருளை உரியார் வாயாற் கேட்டபின் காணல் வேண்டும் என்பதே வழிநூல் செய்வார்க்கும் உரை எழுதுவார்க்கும் அறமாகும்.